எப்போதாவது எடுக்காத செல்ஃப்

மோட்டார் வாகன மின்பழுதுகளில், நிலையாக நிற்கும் பழுதைவிட விட்டுவிட்டு வரும் பழுதே தொழில் தெரிந்தவரைக் கடுமையாகச் சோதிப்பதாகும். முழுவதும் அறுந்துபோன ஒயரை ஒரு டெஸ்ட் லேம்ப் காட்டிக்கொடுத்துவிடும். காலையில் எடுத்து, நண்பகலில் எடுக்காமல் நின்று, மாலையில் தானாகவே எடுத்துவிடும் வண்டியோ, பட்டறை வாசலுக்கு வரும்போது எந்தக் குறையும் அற்றதாகவே நிற்கும். சாவியைத் திருப்பியதும் என்ஜினைச் சுழற்றி ஓடவைக்கும் மின்மோட்டாரை மதுரை வட்டாரத்தில் ஓட்டுநரும் மெக்கானிக்கும் செல்ஃப் என்றே வழங்குகின்றனர். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று ஓட்டுநர் சொல்லும் ஒரே முறையீட்டுக்குள் பேட்டரி, கேபிள், எர்த், சொலினாய்டு, கார்பன், சாவி சுவிட்ச் எனப் பல இடங்களின் பழுதுகள் அடங்கியிருக்கக்கூடும். அவற்றை ஊகத்தால் அன்றி அளவையால் பிரித்தறியும் முறையை, அழகர்கோவில் சாலையில் ஆட்டோ எலக்ட்ரீசியனாகத் தொழில் செய்ததன் வழியே இக்கட்டுரையாளர் கற்றுக்கொண்ட அளவில், இங்கே எடுத்துரைப்பது நோக்கம்.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் கள்ளழகர் கோயில் அமைந்துள்ளது. தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, பொய்கைக்கரைப்பட்டி வழியாகச் செல்லும் இச்சாலை, சித்திரையில் அழகர் வைகைக்கு எழுந்தருளும் வழியுமாகும். ஆடி மாதத்தில் தேரோட்டத்துக்கும் பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்தவும் குடும்பம் குடும்பமாக வேன்களிலும் கார்களிலும் மக்கள் வருகின்ற நாள்களில், வண்டிகள் நகர்ந்தும் நின்றும், என்ஜினை அணைத்தும் மறுபடி எடுத்தும் வெயிலில் ஊர்ந்து செல்கின்றன. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் செலவாகும் மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்புவதற்குள் வண்டி மறுபடியும் நின்றுவிடுவதால், ஊருக்குள் ஒளிந்திருந்த குறை இங்கே வெளிப்படுகிறது. அடிவாரத்திலிருந்து, சோலைமலை என்றும் வழங்கும் பழமுதிர்சோலை முருகன் கோயிலுக்கும் அதற்கு மேல் நூபுர கங்கைக்கும் ஏறும் மலைப்பாதையோ, தாழ்ந்த கியரில் என்ஜினை நன்றாகச் சூடேற்றி, உச்சியில் அப்படியே அணைக்கவைக்கிறது. சூட்டில் மட்டும் தலைகாட்டும் பழுதைச் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாதையை மதுரைச் சமவெளியில் காண்பது அரிது.

இத்தொழிலின் வரலாறு நூறாண்டைக் கடந்தது. கைப்பிடியால் என்ஜினைச் சுழற்றும்போது அது எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்த காலத்தில், அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டான 1911இல்தான் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய குழுமம் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் இணைந்து 1961இல் நிறுவிய லூகாஸ்-டிவிஎஸ், சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார்களையும் ஆல்டர்னேட்டர்களையும் செய்யத் தொடங்கியபின், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லாமல் ஆயிற்று. அம்பாசடர் காலத்து எலக்ட்ரீசியன் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரைத் தானே சுற்றி, அதன் முனையிலுள்ள செம்பு வளையமான கம்யூடேட்டரைக் கடைசல் பிடித்து, அதைத் தொட்டு மின்சாரம் தரும் கார்பனை மாற்றி, அதே மோட்டாரை மறுபடி பூட்டினார். இன்றோ மோட்டாரை முழுதாகக் கழற்றிப் புதியதைப் போடுவது எளிதாகிவிட்டது. இந்த எளிமையால் வேலை நேரம் குறைந்திருக்கிறது என்பது உண்மை; ஆயினும், பாகத்தை மாற்றிப் பார்ப்பதே பழுதைக் கண்டுபிடிப்பது என்னும் பழக்கமும் இதனோடு சேர்ந்தே வளர்ந்துவிட்டது.

செல்ஃப் இயங்கும் விதத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். இதில் இரண்டு மின்பாதைகள் உள்ளன. முதலாவது பெரிய பாதை: பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் வழியாகச் சொலினாய்டுக்கும், அதனுள்ளிருக்கும் செம்புத் தொடுமுனைகள் வழியாக மோட்டாருக்கும் சென்று, என்ஜின் உடம்பின் வழியாகவும் எர்த் பட்டையின் வழியாகவும் நெகட்டிவ் முனைக்குத் திரும்புவது. சிறிய பெட்ரோல் காரில் ஏறத்தாழ 100 முதல் 150 ஆம்பியரும், டீசல் வண்டியில் அதனினும் மிகுதியும் இப்பாதையில் ஓடும். இரண்டாவது சிறிய பாதை: சாவி சுவிட்சிலிருந்து, வண்டிக்கு ஏற்ப ரிலே, கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து, சொலினாய்டின் சிறிய முனைக்கு வருவது. சொலினாய்டு என்பது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும் சுருளாகும். அந்த இழுப்பு ஒருபுறம் பல்சக்கரத்தை என்ஜினின் பிளைவீலோடு கோக்க, மறுபுறம் பெரிய பாதையின் தொடுமுனைகளை இணைக்கிறது. ஆகவே, சிறிய பாதை ஆணையிடுவது, பெரிய பாதை சுமையைச் சுமப்பது என்று கொண்டால், எந்த மின்பழுதும் முதலில் இவ்விரண்டில் ஒன்றைச் சேர்ந்ததாகவே இருக்கும்.

எந்தப் பாதை என்பதைக் கருவி எதுவுமின்றிக் காதே சொல்லிவிடும். சாவியைத் திருப்பும்போது ‘டக்டக்டக்டக்’ என்று விரைவாக அடித்துக்கொண்டால், சிறிய பாதை நல்ல நிலையில் இருக்கிறது என்றும், சொலினாய்டு இணைந்தவுடன் வோல்ட்டேஜ் சரிந்துவிடுவதால் அது பிடியை இழந்து, விட்டதும் வோல்ட்டேஜ் மீண்டு மறுபடி இழுக்கிறது என்றும் பொருள். பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் பூத்திருக்கலாம், எர்த் இளகியிருக்கலாம். ‘டக்’ என்று ஒரே ஓசை உரக்கக் கேட்டு அமைதியாகிவிட்டால், சொலினாய்டின் தொடுமுனை கருகியிருக்கலாம் அல்லது கார்பன் தேய்ந்து கம்யூடேட்டரைத் தொடாமல் இருக்கலாம். ஓசையே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, பியூஸ், கிளட்ச் சுவிட்ச் என்று சிறிய பாதையின் வழியே தேட வேண்டும். மோட்டார் மட்டும் சுழன்று என்ஜின் சுழலாமல் ‘கிர்ர்’ என்று கேட்டால் அது மின்பழுதன்று. பெண்டிக்ஸ் எனப்படும் பல்சக்கரக் கோப்பு வழுக்குகிறது என்பதே அதன் பொருள்.

இதற்கு அடுத்த சாட்சி வண்டியின் உள்விளக்கு. பல வண்டிகளில் சாவியைத் தொடக்க நிலைக்குத் திருப்பியதும் ஹெட்லைட் தானாகவே அணைந்துவிடும் என்பதால், கூரையிலுள்ள சிறிய விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புவதே நம்பத்தக்க முறையாகும். விளக்கு பெரிதும் மங்கினால் மின்சாரம் மிகுதியாகப் பாய்கிறது. பேட்டரி பலவீனமாகவோ மோட்டார் இறுகியோ இருக்கலாம். சொலினாய்டு அடித்தும் விளக்கு மங்காமல் நின்றால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. விளக்கு அடியோடு அணைந்து, சற்று நேரத்தில் மீண்டால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகக் கூறலாம். வண்டி நடுவழியில் நிற்கும்போது ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தால், பட்டறையில் இருந்தபடியே இக்கட்டுரையாளர் முதலில் கேட்கும் கேள்விகள் இவ்விரண்டே: என்ன ஓசை வருகிறது, உள்விளக்கு என்ன ஆகிறது. அவ்விரண்டுக்கும் சரியான விடை கிடைத்தால், எந்தக் கருவியையும் எந்த உதிரிபாகத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

‘ஹாரன் அடிக்கிறது, லைட் பளிச்சென்று எரிகிறது, ஆகவே பேட்டரியும் கேபிளும் நன்றாகவே இருக்கின்றன’ என்று வாகன உரிமையாளர்கள் கூறுவது வழக்கம். இது ஏன் தவறான முடிவு என்பதை ஓமின் விதி எளிதாக விளக்குகிறது. மின்தடையை ஓடும் மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவதே அவ்விடத்தில் இழக்கப்படும் வோல்ட்டேஜ். துருவேறிய ஓர் இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், 10 ஆம்பியர் எடுக்கும் ஹெட்லைட்டுக்கு அங்கே இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே; அதைக் கண்ணால் அறிய முடியாது. அதே இணைப்பின் வழியாக 150 ஆம்பியர் பாயும்போது இழப்பு 3 வோல்ட் ஆகிவிடும். ஏற்கெனவே சுமையால் 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 7.5 வோல்ட்தான் சென்றுசேரும். நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றிரண்டு மட்டுமே மிஞ்சியிருக்கும் கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தால்கூட 12.6 வோல்ட் காட்டும். ஏனெனில் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. சுமை இல்லாதபோது எடுத்த அளவு செல்ஃப் பழுதுக்குச் சாட்சியாகாது என்பது இத்தொழிலில் ஒருவர் கற்க வேண்டிய தலையாய பாடமாகும்.

ஆகவே அளக்கும் முறையும் சுமையோடு கூடியதாக இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுமையாக ஏறியிருக்கிறது, 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு. 12 வோல்ட் அளவுக்கு இறங்கினால் அதை நம்பி அடுத்த சோதனைக்குச் செல்லலாகாது, முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். பின்னர், என்ஜின் ஓடிவிடாதபடி எரிபொருள் பம்பின் பியூஸைக் கழற்றிவிட்டு, உதவியாளர் சாவியைத் திருப்பும்போது பேட்டரி முனைகளில் அளந்தால், 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாதிருக்க வேண்டும். அதன்பின் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் தண்டின்மீதும், மறுமுனையைச் செல்ஃப்பில் கேபிள் வந்துசேரும் போல்ட்டின்மீதும் வைத்துச் சாவியைத் திருப்பினால், அப்பாதையில் இழக்கப்படும் வோல்ட்டேஜ் நேராகவே தெரியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ தடை இருக்கிறது. எர்த் பக்கத்தில், பேட்டரியின் நெகட்டிவ் தண்டுக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால், 0.2 வோல்ட் அளவைத் தாண்டாதிருப்பது நலம். மீட்டர் முனையைக் கிளாம்பின்மேல் வைக்காமல் பேட்டரித் தண்டின்மேலேயே வைப்பது இன்றியமையாதது. ஏனெனில் குறை பெரும்பாலும் தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் இருக்கும்.

எர்த் பக்கம் பலராலும் மறக்கப்படுவதால் அதைத் தனியே குறிப்பிட வேண்டும். என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே மின்இணைப்பு ஒரு பின்னல் பட்டையை மட்டுமே நம்பியிருக்கிறது. அப்பட்டை அரித்துப்போனால், மின்சாரம் திரும்பிவர வேறு வழி தேடி கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் பாயும். செல்ஃப் அடித்தபின் அவற்றின் உறை சுடுவதும் நாளடைவில் உருகுவதும் இதனால்தான். ஒரே வண்டிக்கு கிளட்ச் கேபிள் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால், கேபிளைக் குறைகூறுவதற்கு முன் எர்த் பட்டையை அளந்து பார்ப்பது அறிவுடைமை.

இனி, ‘எப்போதாவது’ என்னும் கேள்விக்கு வரலாம். விட்டுவிட்டு வரும் பழுது காரணமின்றி வருவதில்லை. சூடு, அதிர்வு, ஈரம், நிற்கும் நிலை ஆகியவற்றுள் ஏதோ ஒன்றைப் பின்தொடர்ந்தே அது வருகிறது. முறைக்காய்ச்சலைக் கண்டறியும் மருத்துவர் காய்ச்சல் ஏறியிருக்கும் வேளையில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதைப்போல, பழுது நிகழும் வேளையில் அளப்பவரே அதைப் பிடிக்கிறார். மழைக்குப் பின் மட்டும் எடுக்கவில்லையென்றால் இணைப்புகளில் ஈரம் புகும் இடம் தேட வேண்டும். செல்ஃப்பை ஒரு கம்பியால் தட்டியதும் எடுத்துக்கொண்டால் கார்பன் தேய்ந்துவிட்டது என்றோ, கம்யூடேட்டரில் ஓர் இடம் செத்துவிட்டது என்றோ கொள்ளலாம்; தட்டுதல் நோயைக் காட்டும் குறியே அன்றி மருந்தாகாது. சாவியைச் சற்று அசைத்தால் எடுக்கும் வண்டியில், சாவிக்கொத்தின் பளுவால் தேய்ந்துபோன சுவிட்சைப் பார்க்க வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்தால் மட்டும் எடுத்தால் பெடலின் கீழுள்ள சுவிட்சே இலக்கு.

சூட்டைப் பின்தொடரும் பழுதுக்கு, மலையேறும் வாடகைக் கார் ஒன்றின் அனுபவம் நல்ல சான்று. அதன் ஓட்டுநர், “அண்ணே, வீட்ல நல்லாத்தான் எடுக்குது, மேல சோலைமலைக்குப் போயி நிப்பாட்டுனாத்தான் எடுக்க மாட்டேங்குது, ஒரு மணி நேரங் கழிச்சுத் தானா எடுத்துக்கிருது” என்று கூறியபோது, வேறிடத்தில் பேட்டரி புதிதாகப் போடப்பட்டு, செல்ஃப்பும் மாற்றப்பட்டிருந்தது. பட்டறையில் அளந்தபோது பெரிய பாதையில் குறை காணப்படவில்லை. எனவே சொலினாய்டின் சிறிய முனையிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் நீண்ட ஒயர்களை இழுத்து, உட்காரும் இடத்தில் மீட்டரோடு இணைத்துக்கொண்டு, அதே வண்டியில் மலையேறுவதென்று முடிவாயிற்று. அடிவாரத்தில் குளிர்ந்த நிலையில் சாவியைத் திருப்பியபோது 1 வோல்ட்டுக்குச் சற்று மேலாக இருந்த இழப்பு, உச்சியில் அணைத்துச் சிறிது நேரம் கழித்துத் திருப்பியபோது 3 வோல்ட்டைத் தாண்டியது; செல்ஃப்பும் எடுக்கவில்லை.

காரணம் இரண்டு குறைகள் ஒன்றுசேர்ந்தது. திருட்டுத் தடுப்பு அலாரம் பொருத்தியவர் சிறிய பாதையின் ஒயரை வெட்டி, திரித்து, டேப் சுற்றி விட்டிருந்தார். அந்த முடிச்சு நாளடைவில் கறுத்துத் தடையை வளர்த்திருந்தது; சூட்டில் அத்தடை மேலும் கூடிற்று. இது மட்டுமே குறையாக இருந்திருந்தால் சொலினாய்டு எப்படியோ சமாளித்திருக்கும். ஆனால் செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது; 30 பாகையில் இருந்த சுருள் என்ஜின் சூட்டில் 110 பாகையை எட்டினால் தடை ஏறத்தாழ 31 விழுக்காடு உயர்ந்துவிடும். அப்போது சுருளுக்குக் கிடைக்கும் 9 வோல்ட், குளிர்ந்த சுருளுக்கு 7 வோல்ட் கொடுத்ததற்கே சமமாகும்; பொதுவாக 8 வோல்ட் அளவிலேனும் இழுக்கும்படி அமைந்த சொலினாய்டு அதில் அசையாது. என்ஜினை அணைத்தபின் காற்றோட்டமும் தண்ணீரோட்டமும் நின்றுவிடுவதால், செல்ஃப்பைச் சுற்றியுள்ள சூடு சற்று நேரம் ஏறிக்கொண்டே போகும் என்பதால்தான், அணைத்த உடனே எடுத்த வண்டி இருபது நிமிடம் கழித்து எடுக்காமல் போயிற்று. முடிச்சை நீக்கி ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சொலினாய்டுக்கு அருகிலேயே ஒரு ரிலே அமைத்து நேர் மின்சாரம் கொடுத்தபின், அப்பழுது நின்றது. புதிய பேட்டரிக்கும் புதிய செல்ஃப்புக்கும் உரிமையாளர் செலவிட்ட பணம் தேவையற்றது என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வட்டாரத்துக்கே உரிய சில காரணங்களும் உண்டு. பெரியாறு கால்வாய்ப் பாசன வயல்களையும் தோப்புகளையும் ஒட்டி நிறுத்தப்படும் வண்டிகளில், அறுவடை முடிந்தபின் எலிகள் என்ஜின் அறைக்குள் புகுந்து ஒயரின் உறையைக் கடித்துவிடுகின்றன. பாதி கடிபட்ட ஒயர் அதிர்வுக்கேற்பத் தொட்டும் விட்டும் இருக்கும். கோடை வெயிலில் பேட்டரியின் நீர் விரைவாக ஆவியாவதும், டெர்மினலில் வெண்மையாகவும் பச்சை நீலமாகவும் உப்புப் பூப்பதும் இயல்பு. அதைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் பூசினால் போதுமானது. கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் தொட வேண்டும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், அதனருகே தீப்பொறி எழவிடலாகாது; ஸ்குரூ டிரைவரால் சொலினாய்டின் முனைகளை இணைத்து எடுக்கும் பழக்கமும், வண்டி கியரில் இருந்தால் ஆளையே இடித்துவிடும் என்பதால், கைவிடத்தக்கது.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வாகனப் புகைக்கான பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின், வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. அது பயனுள்ள கருவியே; ஆயினும் தடித்த கேபிளில் ஏறும் தடையை அது அளப்பதில்லை. மாறாக, செல்ஃப் சுழலும்போது வோல்ட்டேஜ் சரிவதால் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒன்றோடொன்று தொடர்பிழந்து பதிவுசெய்யும் பிழைக் குறியீடுகளை நம்பி, நல்ல சென்சார்களை மாற்றும் தவறுக்கும் இடமுண்டு. குறியீடுகளைப் படிப்பதற்கு முன் பேட்டரியையும் இரு பக்க இழப்பையும் அளந்து முடிப்பதே சரியான வரிசையாகும். சாவியிலுள்ள சிறு சில்லை அடையாளம் காணாவிட்டால் செல்ஃப்பைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில், மீட்டர் பலகையில் சாவி வடிவ விளக்கு சிமிட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பழுது வந்த நேரம், என்ஜினின் சூடு, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, என்ன ஓசை கேட்டது, உள்விளக்கு மங்கியதா என்பவற்றை ஒரு தாளில் குறித்துவையுங்கள்; வீடியோவாக எடுத்துவைத்தால் இன்னும் நன்று. அலாரம், ஆடியோ, கூடுதல் விளக்கு என எது பொருத்தப்பட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பேட்டரியையோ செல்ஃப்பையோ மாற்ற வேண்டும் என்று எவரேனும் கூறினால், சாவியைத் திருப்பும்போது எத்தனை வோல்ட் இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு இழந்தது என்று கேளுங்கள்; அளந்தவர் உடனே விடை சொல்வார். விடை கிடைக்காத இடத்தில் பாகத்தை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.